எட்டு அழுத்து

என் முதல் கைப்பேசியில் படங்களை வரவிடாமல் நிறுத்தி வைக்கும் வசதி ஒன்று இருந்தது. வாங்கிய வாரமே அதைக் கண்டுபிடித்துப் படங்களை நிறுத்திவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. படம் இல்லாவிட்டால் பக்கம் சீக்கிரம் இறங்கும், ரீசார்ஜ் சீக்கிரம் தீராது, தீப்பெட்டி அளவுத் திரையில் எழுத்துக்காவது இடம் கிடைக்கும். பாறைமேல் நின்றவர்களுக்கெல்லாம் அந்த வித்தையை வலியப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் வரும். அந்தப் பெருக்கல் குறியை இப்போது நினைத்தாலும் வாயில் கசப்பு ஊறுகிறது.

பாறை என்றால் வளப்பூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) எங்கள் ஊருக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தை ஒட்டிக் கவிழ்த்துப்போட்ட உரல் மாதிரி கிடக்கும் பாறை. அப்போது மலையில் எங்களுக்குப் பக்கத்தில் டவர் கிடையாது. அடிவாரத்திலிருந்து தப்பித்தவறி ஏறிவருகிற சிக்னல் அந்தப் பாறையின் முதுகில்தான் விழும். இரண்டு எட்டு இந்தப்பக்கம் வந்தால் போய்விடும். ஆகவே ஊரில் கைப்பேசி வைத்திருந்த அத்தனை பேரும் பொழுது சாய்கிற நேரத்தில் அங்கே வந்து சேர்வார்கள். பாறை முழுக்க வெற்றிலை எச்சில். சுரண்டிப்போட்ட ரீசார்ஜ் அட்டைகள் சருகு மாதிரி காலில் ஒட்டும். பெண்கள் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

அங்கே என்ன தேடினார்கள் என்று கேட்டால் சொல்லவே கூசுகிறது. நடிகைகளின் பெயர். அதற்குப் பிறகு அதே நடிகைகளின் பெயரோடு இன்னொரு சொல். ரிங்டோன். தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் கொடுத்தால் நூற்றுக்கு எவ்வளவு காதல் என்று சொல்லும் ஒரு பக்கம். நான் ஏறி வந்தால் திரைகளெல்லாம் வயிற்றோடு கவிழும். ஒருவர், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர், ஒருநாள் எங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப் போனார்.

“நம்மூரே இல்லீங்கறான்.”

“அப்ப பாறைமேல ஒக்காந்து தேடறது ஆரு, உம்பட ஆவியா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“ஏனுங்க கம்ப்யூட்டரம்மிணி, நம்மூர உள்ளார போட்டு உட முடியாதுங்களா?” என்று ஊர்ப் பெயர் அடித்தவர் என் பக்கம் திரும்பினார்.

கம்ப்யூட்டர் அம்மிணி நான்தான். கீழே டவுனில் கணினி அறிவியல் படித்துவிட்டு, மலைமேல் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பள்ளியில் நான்கு கணினிகள். ஓடியவை இரண்டு. இணையம் கிடையாது. ‘இணையம் என்றால் என்ன’ என்ற பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேன். சம்பளத்தை மூன்று மாதம் சேர்த்து அந்தக் கைப்பேசியை வாங்கியபோது, உலகமே என் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது என்று தோன்றியது. என் சுடிதாருக்குப் பை கிடையாது, கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அது போகட்டும்.

அதற்கு முன்னால் நான் எப்படித் தேடினேன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருகிற அசிங்கத்தின் அளவு தெரியாது.

கல்லூரி நாட்களில் வாரக் கடைசியில் ஊருக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் யாராவது ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார். “கண்ணு, அந்தப் பொட்டில கேட்டுட்டு வா” என்பார், கணினியைத்தான் சொல்கிறார். மருந்து அட்டை கொண்டுவருவார்கள், இது எதற்கான மாத்திரை என்று. பலாப் பிஞ்சு கறுத்து உதிர்கிறது என்று பிஞ்சையே கொண்டுவருவார்கள். நர்சிங் சேர எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்பார்கள். நான் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுதும்போது திருப்பித் திருப்பிக் கேட்பேன். எப்போதிருந்து? மேல் இலையா, கீழ் இலையா? மழைக்கு முன்னாடியா, பின்னாடியா? ‘என்ன இந்தப் புள்ள போலீசாட்டம் கேக்குது’ என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு வேறு வழியில்லை. திங்கட்கிழமை காலைப் பேருந்தில் எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிவிட்டால், இலை எப்படி இருந்தது என்று கேட்க ஆள் கிடையாது. அடுத்த சனிக்கிழமைதான்.

டவுனில் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அந்த இடத்தைப் புகழ நான் தயாரில்லை. ஆளுயரப் பலகைத் தடுப்பு, அழுக்குத் திரைச்சீலை, மவுசில் யாரோ தின்ற முறுக்கின் எண்ணெய். உட்கார்ந்ததும் முந்தைய ஆள் மூடாமல் விட்டுப்போன அம்மணப் படங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும். ஆனால் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். நோட்டைப் பக்கத்தில் விரித்து வைப்பேன். கேள்வியை நாலைந்து விதமாக மாற்றி அடிப்பேன். முதல் பக்கத்தில் வந்ததையெல்லாம் தனித்தனி ஜன்னலாகத் திறந்துபோட்டு, ஒன்று சொல்வதை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்ப்பேன். சண்டை பிடிக்கும் பக்கங்கள்தான் எனக்குப் பிடிக்கும். அங்கேதான் விஷயம் இருக்கும்.

பக்கத்து ஊட்டு மாமாவின் காப்பிச் செடியைக் காப்பாற்றியது அப்படித்தான். உறவு முறையில் மாமா இல்லை, எங்கள் கொல்லைக்கு அடுத்த கொல்லைக்காரர். காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மாவு பூத்திருந்தது. நான்கு இலைகளை நோட்டுக்குள் வைத்துக் கீழே கொண்டுபோனேன். திரையில் வந்த படத்தின் மேல் இலையையே வைத்துப் பார்த்தேன். சென்டர்காரர், “ஏம்மா, இலைய ஸ்கேன் பண்ணோணுங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் எந்த அளவில் கலப்பது, எதை எதில் ஊற்றுவது, எப்போது அடிப்பது என்று இரண்டு பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்தேன். மாமா அப்படியே செய்தார். செடி தேறியது. அன்றிலிருந்து அவர் என்னை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார். அந்த நம்பிக்கை அந்த அழுக்குத் திரைச்சீலைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சம்பாதித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி வந்ததும் நோட்டு பரணுக்குப் போனது.

யார் எதைக் கேட்டாலும் பாறைக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சும்மா, “திமிங்கிலம் முட்டை போடுமா, குட்டி போடுமா?” என்பார். கையைக் கழுவிவிட்டு ஓடுவேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஏதாவது கேட்டால் இடைவேளையில் ஓடுவேன். நாளுக்கு மூன்று முறை, நான்கு முறை. கேள்வி காதில் விழுந்த நிமிடத்தில் பதில் என் வாயில் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒரு போதை இருந்தது. பதில் சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன், வாய் பிளந்திருக்கும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எண் விசையில் எழுத்து அடிப்பது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு விசையில் மூன்று ஆங்கில எழுத்து, சிலவற்றில் நான்கு. மூன்றாவது எழுத்து வேண்டுமென்றால் மூன்று முறை அழுத்த வேண்டும். ஆகவே நீளமான சொல்லைக் கண்டால் விரல் பின்வாங்கும். ஐந்து சொல்லில் கேட்டவள் மூன்று சொல்லுக்கு வந்தேன், பிறகு இரண்டுக்கு. பக்கத்தைத் திறந்தால் பாதியில் நின்றுபோகும், அல்லது ‘பக்கம் மிகப் பெரியது’ என்று மறுத்துவிடும். ஆகவே திறப்பதையும் விட்டேன். தேடினால் வரும் பட்டியலில், ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் அந்தப் பக்கத்திலிருந்து கிள்ளியெடுத்த ஒன்றரை வரி இருக்குமே, அதைப் படித்தால் போதும் என்றாகிவிட்டது. மூன்று புள்ளியில் தொடங்கி மூன்று புள்ளியில் முடிகிற வரி. அந்தப் புள்ளிகளுக்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது என்று ஒருமுறைகூட நான் கவலைப்படவில்லை. அதுவும் பட்டியலில் முதலாவதாக வந்தது மட்டும். இரண்டாவது வரை உருட்டிப்போக எனக்குப் பொறுமை இல்லை.

மார்கழி தொடக்கத்தில் ஒருநாள் மாலை, நான் பாறைமேல் நின்றுகொண்டிருந்தபோது மாமா வந்தார். பாறையின் அடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும்.

“அம்மிணி, மொளகுக்கொடி மஞ்சளிச்சுப் போச்சு. பாதிக்கு மேல. என்ன பண்றதுன்னு கேட்டுச் சொல்லு.”

மாமாவின் கொல்லையில் நாற்பத்து மூன்று கொடிகள். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்டவை, ஒன்றே ஒன்று மட்டும் கொல்லை ஓரத்துப் பலா மரத்தில். அத்தை, அதாவது அவர் சம்சாரம், அந்தக் கொடிகளுக்கு ஒரு வறட்சி வருடத்தில் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியதை ஊரே அறியும். ராகியும் மரவள்ளியும் வயிற்றுக்கு, மிளகுதான் மற்ற எல்லாவற்றுக்கும். சரம் இறங்கிக் காய் பிடித்திருந்த நேரம் அது. தை கடந்தால் அறுவடை.

முந்தைய மழைக்காலத்தில் பைல் நாட்டுப் பக்கம் ஒருவரின் தோட்டம் மொத்தமும் பத்துப் பதினைந்து நாளில் கறுத்துச் செத்திருந்தது. மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பயம் அவர் குரலில் இருந்தது.

நான் இலை கேட்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்கவில்லை. அடித்தண்டைக் கீறிப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. தோட்டம் பாறையிலிருந்து இறங்கினால் பத்து நிமிட நடை. கீழே டவுனில் உட்கார்ந்திருந்தால் தவித்திருப்பேன், ஐயோ கேட்காமல் வந்துவிட்டேனே என்று. பக்கத்திலேயே இருந்ததால் தோன்றவே இல்லை.

‘பெப்பர்’ என்று அடித்தேன். அடுத்தது மஞ்சளிப்பு. ‘யெல்லோயிங்’ என்று அடிக்க இருபத்தோரு அழுத்து. இதைப் பிறகு ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். அன்றைக்கு எண்ணவில்லை, விரல் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது. ‘வில்ட்’ என்று அடித்தேன். வாடல். எட்டே அழுத்து.

அவர் வாடுகிறது என்று சொல்லவே இல்லை. மஞ்சளித்தது என்றுதான் சொன்னார்.

பட்டியல் வந்தது. முதல் வரியைப் படித்தேன். புள்ளி, புள்ளி, புள்ளி, நோய் கண்ட கொடிகளை வேரோடு பிடுங்கி உடனே எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவற்றுக்கும் பரவும், புள்ளி, புள்ளி, புள்ளி.

“எரிச்சிரணும்னு போட்டிருக்குதுங்க மாமா. வேரோட.”

அவர் கீழே தன் கொல்லை இருந்த திசையைப் பார்த்தார்.

“மத்ததுக்கும் தாவுமா?”

“பரவும்னுதான் இருக்குதுங்க.”

பக்கத்தில் ரிங்டோன் தேடிக்கொண்டிருந்தவர், “இன்னொருக்கா கேட்டுப் பாருங்க அம்மிணி, அது சில சமயம் மாத்தி மாத்திச் சொல்லும்” என்றார். அந்தப் பாறையில் அன்று பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அது. அதைப் பேசியவர் நடிகை பெயரில் ஊறிக்கிடந்தவர் என்பது என் வெட்கத்தைக் கூட்டுகிறது.

மாமா அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. “கேட்டாச்சு. சொல்லியாச்சு. ரெண்டாவது தடவ கேக்கறது மொறையில்ல.”

எங்கள் பக்கம் சாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போட்டு, மனதில் உள்ளதைச் சொல்லி, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த நிறம் வந்தால் செய்வார்கள், வராவிட்டால் அந்தக் காரியத்தை விட்டுவிடுவார்கள். பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, எல்லாம் அப்படித்தான். ஒரே காரியத்துக்கு இரண்டாம் முறை கேட்பதில்லை. கேட்டால், முதலில் கொடுத்த வாக்கை நம்பவில்லை என்றாகிவிடும். மாமா செருப்பைக் கழற்றியது எதற்கென்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் இருந்தது. அந்த இடம் எனக்குச் சுகமாக இருந்ததால் பேசாமல் நின்றேன்.

மறுநாள் மதியம் பள்ளி ஜன்னலில் புகை தெரிந்தது. பச்சைக் கொடி எரிகிற புகை, வெள்ளையாக, கனமாக, எழும்பாமல் கொல்லைமேலேயே படுத்துக்கிடந்தது. தொண்டையில் காரம் ஏறி வகுப்பில் பிள்ளைகள் இருமின. ‘இணையத்தின் பயன்கள்’ நடத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தலைப்பு அன்றைக்கு அந்தப் பாடத்தில் இருந்தது உண்மை, நான் இட்டுக்கட்டவில்லை.

மஞ்சளித்த இருபத்தைந்து கொடிகளோடு மாமா நிற்கவில்லை. தாவும் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, பச்சையாக நின்றவற்றையும் பிடுங்கிவிட்டார். பலா மரத்துக் கொடியிடம் வந்தபோது அத்தை அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வாசலில் சாக்கு விரித்து, எரிப்பதற்கு முன் உருவிய பிஞ்சு மிளகைக் காயவைத்திருந்தார் அத்தை. முற்றாத மிளகு காய்ந்தால் தோல்தான் மிஞ்சும். ஊதினால் பறக்கும். அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்து, “வா அம்மிணி” என்றார். சாக்கில் மிளகைக் கிளறிவிட்டார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் பள்ளி வேலையாக டவுனுக்குப் போனேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பழைய பிரவுசிங் சென்டரில் முக்கால்வாசி இருக்கை காலி. கைப்பேசியில் தேடிய அதே இரண்டு சொல்லை அடித்தேன். அதே முதல் வரி. இம்முறை திறந்தேன்.

மூன்று புள்ளிகளுக்கு முன்னால் இருந்தது இதுதான்: மழைக்காலத்தில், இலையில் கரும்புள்ளி தோன்றி, அடித்தண்டு கறுத்து அழுகியிருந்தால். அதன்பிறகுதான் பிடுங்கி எரிப்பது. அதற்குக் கீழே இன்னொரு தலைப்பு. மழை நின்றபின், மண் காயத் தொடங்கும் மாதங்களில், புள்ளி எதுவும் இல்லாமல் இலை மட்டும் மஞ்சளிப்பது வேறு. அது வேர் சம்பந்தப்பட்டது, மெல்ல வருவது, வருடக்கணக்கில் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது. அடுத்த மழை பிடித்ததும் பெரும்பாலான கொடிகள் திரும்பத் துளிர்க்கும்.

பக்கத்தில் இரண்டு படங்கள். ஒரு இலையில் தீய்ந்துபோன மாதிரி கரும்புள்ளி. ஒரு இலை மஞ்சள் மட்டும். கைப்பேசியில் இவை இருந்த இடத்தில்தான் இரண்டு கட்டமும் இரண்டு பெருக்கல் குறியும் இருந்திருக்கும். பக்கத்தைத் திறந்திருந்தால் அவையாவது வந்திருக்கும், அதையும் நான் திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து படித்தேன், பழையபடி, ஆறு ஜன்னல் திறந்துபோட்டு. எரித்த பிறகு செய்த அந்த ஒழுங்கான தேடல் எனக்கு எரித்ததைவிட அருவருப்பாக இருந்தது. எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழை இல்லை இது.

ஊர் திரும்பியதும் நேரே மாமா ஊட்டுக்குப் போனேன். மாமா பொங்கலுக்குச் சுவருக்குச் செம்மண் பூசிக்கொண்டிருந்தார். அத்தை சாக்கு மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் பாதிதான் படிச்சுச் சொன்னேனுங்க. எரிக்கச் சொன்னது வேற நோவுக்குங்க. நம்முளுது அந்த நோவு இல்லீங்க. மழை புடிச்சதும் தேறியிருக்குமுங்க.”

அவர் பூசுவதை நிறுத்தவில்லை.

“உடு அம்மிணி. வாக்கு வந்துச்சு, செஞ்சோம். திருப்பிக் கேக்கக்கூடாதுன்னுதான் அன்னைக்கே சொன்னேன். நீ ஏன் போயித் திருப்பிக் கேட்ட?”

“வாக்கு இல்லீங்க மாமா, அது—”

“நம்முளுத எரிக்காம உட்டிருந்தா பக்கத்து நாட்டாட்டம் ஊரே போயிருக்கும். ஊர காப்பாத்திருச்சு அது.” கைச் செம்மண்ணை உதறினார். “நீ வெசனப்படாத சாமி.”

அந்த நிமிடம் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டப்போவதில்லை, ஊரில் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று மனம் ஒரு கணம் துள்ளியது. அவருடைய பக்தியில் நான் நோகாமல் ஒளிந்துகொண்டேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வேலிப் படல்வரை அத்தை கூடவே வந்தார்.

“அவுரு அப்படித்தான் சொல்லுவாரு. நாப்பத்தி ரெண்டு கொடி வீணாப் போச்சுன்னு ஒத்துக்கிட்டா தூங்க முடியுமா மனுசன்?” படலைத் திறந்துவிட்டார். “சாமி பூக் குடுத்தா, அது சாமி குடுத்தது. உம்பட பொட்டி ஒண்ணும் குடுக்கல அம்மிணி. நீ குடுத்த.”

நான் படலைத் தாண்டி நடந்தேன்.

கொஞ்ச நாள் பாறைக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் என்றால் ஒன்பது நாள். பத்தாவது நாள் ஏதோ ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கைக்காகப் போனேன். இதை எழுதாமல் விட்டால் நான் ஏதோ திருந்தியவள் மாதிரி ஆகிவிடும். படத்தை வரவிடும் வசதியைத் திரும்பத் திறந்து வைத்தேன், அது மட்டும் உண்மை. பக்கம் இறங்க யுகம் ஆனது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மறுபடி நிறுத்தினேன்.

ஆனியில் மழை பிடித்தது. ஒருநாள் சாயங்காலம் பாறைமேல் நிற்கிறேன். அத்தை ஏறி வருகிறார், செருப்போடு. ஆண்கள் வழக்கம்போலத் திரைகளை வயிற்றில் கவிழ்த்தார்கள். அத்தை அவர்களைப் பார்க்கவே இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, என் கைப்பேசித் திரையின் மேல் வைத்தார். ஒரு மிளகு இலை. கொழுந்து. ஈரம் காயாத இளம்பச்சை.

“பலா மரத்துக் கொடி. இதையும் கேட்டுச் சொல்லு. வெச்சிருக்கட்டுமா, எரிச்சிரட்டுமா?”

ரிங்டோன்காரர் களுக்கென்று சிரித்துவிட்டு, நிலைமை புரிந்து வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கொடியும் மார்கழியில் மஞ்சளித்திருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும்.

“அடித்தண்டு எப்படி இருக்குதுங்க அத்தை?” என்றேன்.

“இப்பக் கேளு,” என்றார் அத்தை. “ஆறு மாசம் கழிச்சு.” அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கி, “நல்லாத்தான் இருக்குது. அடியில ஓடுகொடி உட்டிருக்குது, நெறைய. நறுக்கிப் பிளாஸ்டிக் கவர்ல வெச்சா வேரு புடிக்கும். நாப்பத்தி ரெண்டு வேணும் எனக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? வந்து கவருக்கு மண்ணு அள்ளிப் போடு.”

“வாரேனுங்க.”

“மாமன் கிட்ட நான் சொல்லிக்கறேன், பூக் கேட்டுட்டேன்னு.” அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இலையை என் திரையின் மேலேயே விட்டுவிட்டு இறங்கத் தொடங்கினார்.

அவர் பாறையின் அடிக்குப் போய்ச் சேர்வதற்குள், இலைக்கு அடியில் என் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ‘பெப்பர்’ முடிந்திருந்தது. நறுக்கிய கொடிக்கு ‘கட்டிங்’, அது பாதி வரைக்கும் வந்திருந்தது. முழுதாக அடிக்க நீளமாக இருக்கிறதே, வேறு சின்னச் சொல் ஏதாவது உண்டா என்று விரல் யோசித்துக்கொண்டிருந்தது.